சாணித் தண்ணீரும் பீலித் தண்ணீரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தம்பி அயர்லாந்தில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே ஒக்டோபர் பிறந்தால் சாணிக் கரைசலை நிலத்தில் ஊற்றவே கூடாதாம். எங்களுக்கு மூன்று மாடும் அரை ஏக்கர் கோ-3 என்ற தீவனப் புல்லும் இருக்கின்றன. கொட்டகை கழுவும் தண்ணீர் தினமும் அந்தப் புல்லுக்கே போகிறது. இதில் என்ன பிழை?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: புல்லுக்குப் போவதில் பிழை இல்லை. மழையோ வெயிலோ பார்க்காமல், முழுவதும் ஒரே துண்டு நிலத்துக்குப் போவதுதான் பிழை.

உங்கள் தம்பி சொல்வது 1991இல் ஐரோப்பாவில் வந்த நைத்திரேற்று (நைதரசனிலிருந்து மண்ணில் உருவாகி நீரில் கரையும் உப்பு) விதிகளின் அயர்லாந்து வடிவம். மாட்டெருவிலிருந்து ஒரு ஹெக்டெயருக்கு வருடத்தில் 170 கிலோ நைதரசன் என்பது அதன் பொது எல்லை. ஒக்டோபர் 1 முதல் ஜனவரி வரை கரைசல் ஊற்றத் தடை. குளிரில் புல் வளராது, மழையோ விடாது. புல் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாகி நீரோடு இறங்கிவிடும். மண் துகளின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் உடையது, நைத்திரேற்றும் அப்படியே. அதனால் மண் அதைப் பிடித்து வைக்காது. மூத்திரத்திலுள்ள யூரியா சில நாட்களில் அமோனியாவாகி, அடுத்த சில வாரங்களில் மண் நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறும். அந்த நேரத்தில் பெருமழை பிடித்தால் கீழே இருக்கும் ஊற்றுக்குத்தான் லாபம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாடு நாளுக்கு 35 கிலோ பச்சைப் புல் தின்றால் சுமார் 105 கிராம் நைதரசன் உள்ளே போகிறது. 16 சதவீதப் புரதமுள்ள மாட்டுத் தீவனம் 3 கிலோ கொடுத்தால் இன்னும் 77 கிராம். 8 லீற்றர் பால் கறந்தால் அதில் வெளியேறுவது வெறும் 40 கிராம். மிச்சம் 140 கிராமும் சாணியிலும் மூத்திரத்திலும் வருகிறது. மூன்று மாட்டுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஐரோப்பிய எல்லைப்படி அரை ஏக்கர் தாங்குவது 34 கிலோ.

அந்த எண்ணை அப்படியே இங்கே வைக்க முடியாது. நம் புல் வருடம் முழுக்க வளர்கிறது, வெட்டியும் எடுக்கிறோம். 100 கிலோ பச்சைப் புல் நிலத்திலிருந்து சுமார் 300 கிராம் நைதரசனை எடுத்துச் செல்லும். ஆனால் மூன்று மாட்டுக்கும் வேண்டிய புல் முழுவதையும் அரை ஏக்கர் தருகிறதா? பெரும்பாலான வீடுகளில் பாதிப் புல் தேயிலை மலை ஓரத்திலிருந்தும் றோட்டோரத்திலிருந்தும் கட்டாக வருகிறது, தீவனம் கடையிலிருந்து வருகிறது. எல்லா இடத்து நைதரசனும் கடைசியில் கொட்டகைக்குப் பின்னாலுள்ள அந்த ஒரே துண்டில் சேர்கிறது. நாளுக்குச் சராசரி 60 கிலோ புல் வெட்டினால் வருடத்துக்கு 65 கிலோ நைதரசன் போகும். மீதி 85 கிலோவில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் கலக்கும், மண்ணில் தங்காத மற்றது தண்ணீருக்குத்தான்.

எனவே சாணியைத் தனியே பிரியுங்கள். காலையில் மண்வெட்டியால் அள்ளிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். அள்ளிய சாணியை மானாப் புல், காய்ந்த இலை, வைக்கோல் எது கிடைக்கிறதோ அதோடு அடுக்கி, நான்கடி உயரக் குவியலாக்கி, பொலித்தீனால் மூடி, மூன்று வாரத்துக்கொரு முறை புரட்டினால் மூன்று மாதத்தில் கூட்டெரு. கோவா, கரட், உருளைக்கிழங்கு போடுகிற அயலவர் அதை வாங்கிக்கொள்வார். நிலத்தின் சுமை பாதியாகக் குறையும்.

கேள்வி: அப்படியானால் இங்கே எந்த மாதங்களில் ஊற்றக் கூடாது? எங்கள் நிலம் நல்ல சரிவு. கீழே பன்னிரண்டு குடும்பங்கள் குடிக்கும் பீலி (ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்) இருக்கிறது.
– ஒரு வாசகி, நோர்வூட்

பதில்: நம் தடைக்காலம் மழைதான். உங்கள் பக்கம், ஹட்டன், கினிகத்தேனை எல்லாம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு மழை கனக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்நேர இடிமழை இரு பக்கமும் உண்டு. இந்த மாதங்களில் முழுத் தடை என்றால் மூன்று மாட்டுக்காரருக்குக் குழி கட்டியே காசு போய்விடும். ஆகவே மழைக்கு நடுவே வரும் வெளிப்பான நாட்களைப் பிடிக்க வேண்டும், அதுவரை சேமிக்க இடம் வேண்டும்.

சாணியை அள்ளிவிட்டால் மூன்று மாட்டுக்கு மூத்திரம் 30 லீற்றர், கழுவும் தண்ணீர் 45 லீற்றர், ஆக நாளுக்கு 75. நாற்பது நாளைக்கு 3,000 லீற்றர். 2 மீற்றர் நீளம், 1.5 அகலம், 1.2 ஆழத்தில் சீமெந்து பூசிய குழி 3,600 லீற்றர் கொள்ளும். மேலே 20 சென்ரிமீற்றர் வெறுமையாக விட்டால் கணக்குச் சரி. மேலே தகரம் அவசியம். மூடாத குழிக்குள் 300 மில்லிமீற்றர் மழை பெய்யும் மாதத்தில் 900 லீற்றர் வெறும் மழைத் தண்ணீர் சேரும், பன்னிரண்டு நாள் இடம் அதிலேயே போய்விடும். கூரைத் தண்ணீரும் குழிப் பக்கம் வரக் கூடாது, பீலித்தகரம் போட்டு வேறு திசைக்கு விடுங்கள்.

ஊற்றும் நாளில் மூன்று விடயம் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு நாளுக்குக் கனமழை எதிர்வுகூறல் இருக்கக் கூடாது. அயர்லாந்திலும் இதே 48 மணித்தியாலம்தான். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் தண்ணீர் கசியக் கூடாது. புல் வெட்டி ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் புதுத் தளிர் உடனே எடுக்கும். அளவு ஒரு பேர்ச்சுக்கு (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) 50 லீற்றர், அதாவது 20 லீற்றர் வாளியால் இரண்டரை. 3,000 லீற்றருக்கு 60 பேர்ச் வேண்டும்.

சரிவுதான் உங்களுக்குப் பெரிய சோதனை. இங்கிலாந்தின் விதிகளில் 12 பாகைக்கு மேற்பட்ட சரிவு ஆபத்தான நிலம். பத்தடிக்கு இரண்டடி இறங்கினாலே கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும், மலைநாட்டில் பல இடம் அப்படித்தான். வாளியால் மேலிருந்து வீசுவதை நிறுத்துங்கள். புல் வரிசைக்கு மேல்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே நான்கு அங்குல ஆழத்தில் சால் இழுத்து, அதில் ஊற்றி உடனே மண்ணை மூடுங்கள். அமோனியா நாற்றமும் குறையும், அதாவது நைதரசன் வீணாகாது. வடிகானுக்கு இரு பக்கமும் 10 மீற்றர் விடுங்கள். கானில் விழுந்தது சில நிமிடத்தில் ஆற்றில் இருக்கும். ஊற்றிலிருந்து 50 மீற்றர் என்பது இங்கிலாந்து விதி. உங்களுக்கு எங்கள் ஆலோசனை அதைவிடக் கண்டிப்பானது: பீலிக்கு நேர் மேலே இருக்கும் துண்டில், எவ்வளவு தூரமானாலும், கரைசல் வேண்டாம். பன்னிரண்டு வீட்டுத் தண்ணீர் அது.

கேள்வி: பீலித் தண்ணீரைச் சோதித்தோம். அறிக்கையில் ‘நைத்திரேற்று 12’ என்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா? கொதிக்க வைத்தால் போதுமா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: அந்த 12 எதன் அளவு என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். நைத்திரேற்றாகவே லீற்றருக்கு 12 மில்லிகிராம் என்றால் பயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50. நைத்திரேற்றிலுள்ள நைதரசன் 12 என்றால் அதை 4.43ஆல் பெருக்க வேண்டும், 53 வரும், எல்லை தாண்டிவிட்டது. ஒரே எண் இரண்டு தீர்ப்பு.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் வேறு தண்ணீரில் பால் கரையுங்கள். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்று என்ற வேறு பொருளாகி, இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். அப்படிக் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் அறிக்கையைக் காட்டுங்கள். ஒரு சோதனை போதாது, மழை தொடங்கி இரண்டு வாரத்தில் ஒன்றும் வரட்சியில் ஒன்றும் எடுங்கள்.

கேள்வி: கரைசல் நிறையப் போட்ட புல்லைத் தின்ற மாடு மூச்சிரைத்து விழுந்தது. நஞ்சா?
– ஒரு வாசகர், வெலிமடை

பதில்: நைத்திரேற்று நஞ்சாக இருக்கலாம். அதிக எரு, பிறகு வரட்சி, அதன்பின் திடீர் மழை அல்லது பல நாள் மப்பு: இப்படி வந்தால் புல் நைத்திரேற்றை எடுத்துப் புரதமாக்க முடியாமல் தண்டின் அடியில் தேக்கி வைக்கும். இரத்தம் சொக்கலேற் நிறமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். மிருக வைத்தியரை உடனே அழையுங்கள், மெதிலீன் நீலம் ஊசியாகக் கொடுப்பார். அந்தப் புல்லை நிறுத்துங்கள், மாட்டை விரட்டி நடத்தாதீர்கள். இனிமேல் கரைசல் போட்டு நான்கு வாரமாவது கழித்து வெட்டுங்கள், அடித்தண்டு அரை அடியை விட்டு வெட்டுங்கள், பசித்த மாட்டுக்கு முதல் கட்டாக அதைப் போடாதீர்கள். காய வைத்தால் நைத்திரேற்று குறையாது.

கேள்வி: உயிர்வாயுக் (சாண எரிவாயு) குழி கட்டினால் இந்தத் தொல்லை தீருமா?
– ஒரு வாசகர், ஹப்புத்தளை

பதில்: அடுப்புக்கு வாயு கிடைக்கும், நைதரசன் அப்படியே இருக்கும். குழியிலிருந்து வரும் கரைசலில் அமோனியம் கூடுதல், புல்லுக்கு வேகமாகப் பிடிக்கும், தவறினால் வேகமாகவே ஓடும். மேலே சொன்ன அளவும் தூரமும் அதற்கும் பொருந்தும். மூடிய குழியைக் கலக்கும்போது ஐதரசன் சல்பைட்டு கிளம்பும். செறிவு கூடினால் அதன் மணமே தெரியாமல் போய் ஆள் சரிந்துவிடுவார். வாளி விழுந்தாலும் ஒருவர் விழுந்தாலும் உள்ளே இறங்காதீர்கள். காப்பாற்ற இறங்குபவரும் அதே வாயுவில் விழுவார்.