கைராசி இல்லை, நிழல்தான் இல்லை

கேள்வி: ஏற்காட்டில் தாத்தா வைத்த 3 ஏக்கர் காப்பித் தோட்டம், அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு வந்திருக்கிறது. மகள் கல்யாணத்துக்காக 3 வருஷத்துக்கு முன்னால் அதிலிருந்த சில்வர் ஓக் மரங்களில் பாதியை விற்றோம். அப்புறம் செடிகள் மஞ்சளாகிப் பட்டுப்போகின்றன. உனக்குக் கைராசி இல்லை, தோட்டத்தை விற்றுவிடு என்கிறார் வீட்டுக்காரர். தாத்தா சித்திரை வந்தால் ஒவ்வொரு செடியையும் தேங்காய் நாரால் தேய்ப்பார். அந்தப் பக்தி எங்களுக்கு ஏது? விற்றுவிடலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: தங்கச்சி, தாத்தா தேய்த்தது பக்தியால் இல்லை. வெள்ளைத் தண்டு துளைப்பான் என்று ஒரு வண்டு. அரபிகா வகைக் காப்பிக்கு அதுதான் எமன். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் பறந்து வந்து பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். நாரால் தேய்த்துவிட்டால் அதற்கு இடுக்கு கிடைக்காது. வெயில் விழும் தண்டென்றால் அதற்குக் கொண்டாட்டம். நீங்கள் மரத்தோடு நிழலையும் விற்றுவிட்டீர்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்திலிருந்து காப்பி விளைகிற மலை அது. மண்ணிலும் குறையில்லை, உங்கள் கையிலும் இல்லை. மரம் விற்ற பணத்தை எண்ணும்போது கைராசிப் பேச்சு வரவில்லையே!

அடுத்த தடவை போகும்போது, மஞ்சளான செடியின் தண்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். வளையம் வளையமாக மேடு தட்டினால் உள்ளே அந்த வண்டின் புழு இருக்கிறது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், வண்டு பறக்கும் மாதங்களுக்கு முன்பே. விறகுக்கு ஆகுமே என்று அடுக்கி வைத்தால் அந்த விறகிலிருந்தே வண்டு கிளம்பும்.

மழை பிடித்ததும் கல்யாண முருங்கைக் கம்பு ஊன்றுங்கள், சீக்கிரம் தழைக்கும். கூடவே சில்வர் ஓக் கன்றும் வையுங்கள். வளர்ந்ததும் மிளகு ஏற்றலாம். புதுக் காப்பிச் செடி காய்க்க 3, 4 வருஷம் ஆகும். இதை வீட்டுக்காரரிடம் மறைக்க வேண்டாம்.

விற்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். காட்பாடியில் நடுராத்திரி ரயில் ஏறி, சேலத்தில் இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போய்த் தோட்டம் பார்ப்பது லேசில்லை. (எனக்கு ஐந்தாவது வளைவிலேயே வயிறு புரட்டும்.) அலைய முடியவில்லை என்றால் விற்றுக்கொள்ளுங்கள். ராசி இல்லை என்று மட்டும் விற்காதீர்கள்.

சித்திரைக்கு முன் ஒரு மூட்டை தேங்காய் நாரோடு போய் வாருங்கள். மேலே சுருண்டு நிற்கும் பட்டை உதிர்ந்தால் போதும். பச்சை தெரியும்வரை உரசிவிடாதீர்கள்.