நாலு கம்பிக்காரர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 1970களின் புரோகிரசிவ் ராக் (சுருக்கமாகப் புரோக் ராக், சிக்கலான தாளமும் நீண்ட அமைப்பும் கொண்ட ராக் இசை) குழுக்களைப் பற்றி எழுதியபோது, நாலு கம்பியில் அடிச்சுரம் பிடிக்கிற பேஸ் கிட்டாரை வாசித்தவர்களைப் பற்றித் தனியாகப் பேசலாம் என்று சொல்லியிருந்தேன். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளே இந்த இதழை நிறைத்துவிட்டன. ரொம்ப சந்தோஷம், நேராகப் பதிலுக்குப் போய்விடுகிறேன்.

அண்ணே, எங்க ஊர்க் கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். கீபோர்டு வாசிக்கிறவர் “நீ ரூட் நோட்டைப் (கார்டு என்கிற சுரக்கூட்டின் ஆதார சுரம்) பிடிச்சுக்கிட்டு இரு, அது போதும்” என்கிறார். பழைய புரோக் ராக்கில் உங்களுக்குப் பிடித்த பேஸ்காரர் யார்? அவர் ரூட் நோட்டோடு நின்றாரா?
– தங்கச்சிமடம் வாசகர்

தம்பி, எனக்கு என்றைக்கும் முதல் ஆள் யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர்தான். அவரும் சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் பாடியவர், அது அவர் வாசிப்பில் கேட்கும், ஏனென்றால் அவருடைய பேஸ் பாட்டுக்கு அடியில் ஒரே இடத்தில் நிற்காமல் இரண்டாவது பாடகர் மாதிரி தனக்கென்று ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும், மூச்சு விடுகிற இடம்கூட அதில் இருக்கும்.

1971இல் வந்த ‘ஃப்ராஜைல்’ ஆல்பத்தில் முதல் பாட்டு ‘ரவுண்டபவுட்’. கிட்டார் தனியாக, நிதானமாகத் தொடங்கும். பேஸ் உள்ளே நுழைந்ததும் பாட்டின் முகமே மாறிவிடும். வாசிப்பது ரிக்கன்பேக்கர் கம்பெனியின் பேஸ், விரலால் அல்ல, பிக் என்கிற சின்ன வில்லையை வைத்து அழுத்தி. அந்தப் பேஸில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற இரண்டு பிக்கப்பையும் பிரித்து, அடிச்சத்தத்துக்கு ஒரு ஆம்ப் (ஒலிபெருக்கி), கீச்சென்ற மேல்சத்தத்துக்கு இன்னொரு ஆம்ப் என்று தனித்தனியாக அனுப்புவார். அதனால்தான் கனமும் குறையாமல், கம்பி அதிர்கிற உரசல் சத்தமும் மறையாமல் இரண்டும் ஒன்றாக வந்து நம் நெஞ்சில் விழுகிறது.

ரூட் நோட்டை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. இறங்க வேண்டிய இடத்தில் சரியாக வந்து இறங்குவார், நடுவில் கிடைக்கிற இடத்தில் நடப்பார். நீயும் அப்படிச் செய்து பார். சபை முழுக்கச் சேர்ந்து பாடும்போது ரூட்டை விடாதே, பாடுகிறவர்களுக்கு அதுதான் பிடிமானம். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் இரண்டு மூன்று நோட் நடந்து அடுத்த கார்டுக்குப் போய்ச் சேர். உங்கள் கீபோர்டுகாரருக்கே பிடித்துப்போகும்.

அதே ஆல்பத்தில் ‘தி ஃபிஷ்’ என்று ஒரு சின்ன உருப்படி உண்டு. அதில் வருகிற இசை கிட்டத்தட்ட முழுக்கப் பேஸிலேயே கட்டப்பட்டது. ஒரு பேஸ் அடியைப் பிடிக்க, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போகும். குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டார் என்பதால் குழுவில் ஸ்கொயருக்கு மீன் என்றே பெயர். கடைசியில் கூட்டாகப் பாடுவது ‘ஷிண்ட்லேரியா ப்ரேமட்யூரஸ்’ என்ற ஒரு மீனின் அறிவியல் பெயரை. ஒரு அங்குலமே வளரும் மீன் அது. மீனைத் தரம் பார்த்தே வளர்ந்த உங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. 2015 ஜூனில் அவர் காலமானார், அதுவரை அவர் இல்லாமல் யெஸ் ஒரு ஸ்டுடியோ ஆல்பம்கூட வெளியிட்டதில்லை.

எங்க காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளில்தான் ரஷ் குழுவைக் கேட்டு வளர்ந்தேன். அதன் பேஸ்காரர் கெடி லீயை விட்டுவிட்டு ஸ்கொயரை முதலில் வைப்பது சரியா?
– கீழக்கரை வாசகர்

கெடி லீ மேல் எனக்குக் கொஞ்சமும் குறைந்த மரியாதை இல்லை. கனடாவின் ரஷ் மூன்றே பேர் கொண்ட குழு, அதில் பாடுவதும் அவர், பேஸ் வாசிப்பதும் அவர், நடுவில் கீபோர்டுக்குத் தாவுவதும் அவர், போதாததற்குக் காலால் பெடலை மிதித்து அடிச்சுரத்தை நிறுத்துவதும் அவர். பிக் இல்லாமல் விரலால் அந்த வேகம்!

உங்களிடம் 1981இன் ‘மூவிங் பிக்சர்ஸ்’ கேசட் கட்டாயம் இருக்கும். அதில் ‘ஒய் ஒய் ஸெட்’ (YYZ) என்ற பாட்டின் பெயர் டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்தின் மோர்ஸ் குறிதான் (தந்தியில் எழுத்துகளை அனுப்பிய புள்ளி-கோடு முறை) பாட்டின் தொடக்கத் தாளம். நம் இலக்கணத்தில் எண்ணுவது போலவே எண்ணலாம்: நீளக்குறி நெடில், இரண்டு மாத்திரை, புள்ளி குறில், ஒரு மாத்திரை. ‘ஒய்’க்கு நெடில், குறில், நெடில், நெடில், ஆக 7. அது இரண்டு தடவை. ‘ஸெட்’டுக்கு நெடில், நெடில், குறில், குறில், ஆக 6. மொத்தம் 20 மாத்திரையில் ஒரு சுற்று. தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், இரண்டு மூன்று சுற்றில் கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

வரிசை என்று வரும்போது மட்டும் ஸ்கொயர் ஒரு படி மேல். பேஸ் முன்னால் வந்து பேசலாம் என்று கதவைத் திறந்தவர்களில் அவர் முக்கியமானவர், லீயே அவரைக் கேட்டு வளர்ந்தவர்தான்.

நீங்கள் சொன்ன பாட்டுகளை போனில் கேட்டேன். பேஸே கேட்கவில்லையே?
– மண்டபம் வாசகர்

கேட்காது. பேஸின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிர்கிறது, போனில் இருக்கிற நகம் அளவு ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்கி காற்றைத் தள்ள முடியாது. நல்ல இயர்போன் போட்டு மறுபடி கேளுங்கள், புதுப் பாட்டு மாதிரி இருக்கும்.

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘மணி’ (Money) பாட்டின் பேஸ் பிடிக்காதவர் உண்டா? அதை வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் உங்கள் பட்டியலில் உண்டா?
– தொண்டி வாசகர்

அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற சின்ன மெட்டு) அருமை. 1973இல் ஏழு எண்ணிக்கையில் ஒரு பாட்டைப் போட்டு உலகத்தையே தலையாட்ட வைத்தது சாதாரண விஷயமில்லை, கிட்டார் சோலோ வரும்போது அது நாலுக்கு மாறுவதையும் கவனியுங்கள். ஆனால் வாட்டர்ஸை நான் பாட்டு எழுதுகிறவராகத்தான் கொண்டாடுவேன். பேஸ்காரர் பட்டியலில் வைக்கமாட்டேன்.

பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாதவர் யார்?
– பாம்பன் வாசகர்

ஜான் வெட்டன். இதில் எனக்கு யோசனையே வேண்டாம்.

1972 முதல் 1974 வரை கிங் கிரிம்ஸன் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டே பாடினார். பிறகு 1980களில் ஏசியா குழுவின் பாடகராகப் பிரபலமாகிவிட்டதால், பலருக்கு அவர் குரல்தான் ஞாபகம் இருக்கிறது, கை மறந்துபோய்விட்டது. கிங் கிரிம்ஸனின் 1974 ஆல்பமான ‘ரெட்’டில் கடைசியாக ‘ஸ்டார்லெஸ்’ வரும். பாடுகிற பகுதி முடிந்ததும் பாட்டு இறங்கி, 13 எண்ணிக்கையில் ஒரு பேஸ் ரிஃப் தொடங்கும். அந்த ரிஃபை எழுதியவர் டிரம்மர் பில் ப்ரூஃபோர்டு. மேலே ராபர்ட் ஃப்ரிப்பின் கிட்டார் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும், கீழே வெட்டன் அந்த ரிஃபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பாக்கிக்கொண்டே, கரகரப்பை ஏற்றிக்கொண்டே போவார், பாட்டு எப்போது வெடிக்கும் என்று நமக்கு மூச்சு முட்டும். அவசரப்படாமல் அவ்வளவு நேரம் அடக்கி வாசிப்பதற்குத்தான் பெரிய கை வேண்டும். 2017 ஜனவரியில் அவர் போனபோது இங்கே ஒரு பத்திரிகையிலாவது ஒரு பக்கம் வந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முதல் ஐந்து பேரைச் சொல்லிவிடுங்கள்.
– ஏர்வாடி வாசகர்

ஸ்கொயர், வெட்டன், லீ. நாலாவது ஜென்டில் ஜயன்ட் குழுவின் ரே ஷுல்மன், வயலினும் ட்ரம்பெட்டும்கூட வாசித்தவர், அதனால் அவர் பேஸ் எந்தத் திசையில் திரும்பும் என்று யூகிக்க முடியாது. ஐந்தாவது டோனி லெவின், 1981இல் கிங் கிரிம்ஸனின் ‘டிசிப்ளின்’ ஆல்பத்தில் சேப்மன் ஸ்டிக் என்ற பத்துக் கம்பிக் கருவியை விரலால் தட்டித் தட்டியே வாசித்தவர்.

நம் சினிமாப் பாட்டில் இதுபோலப் பேஸ் உண்டா?
– தேவிபட்டினம் வாசகி

இளையராஜா இருக்கும்போது என்ன கவலை, தங்கச்சி! 1980களில் அவர் போட்ட பாட்டுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து, குரலை மறந்துவிட்டுக் கீழே ஓடுவதை மட்டும் கேளுங்கள். தனி மெட்டாகவே போய்க்கொண்டிருக்கும். அந்தக் காதோடு ஸ்கொயரிடம் போனால் அவர் அந்நியராகவே தெரியமாட்டார்.

புதிதாகப் பேஸ் வாங்கினேன். சில மாதத்தில் கம்பி துருப்பிடித்துவிட்டது. ரிக்கன்பேக்கர் மாதிரி விலை உயர்ந்ததை வாங்கியிருக்க வேண்டுமோ?
– ராமேஸ்வரம் வாசகர்

வேண்டாம், உப்புக்காற்றுக்கு விலை தெரியாது. கம்பிதான் பிரச்சினை, கிட்டார் அல்ல. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலேயும் கீழேயும் துடைத்து உறைக்குள் வையுங்கள், கடலைப் பார்த்த ஜன்னலோரம் சாய்த்து வைக்காதீர்கள், உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். மேலே பூச்சுப் போட்ட கம்பி என்று கேட்டால் கடையில் கிடைக்கும், கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் உங்கள் ஊரில் அதுதான் கட்டுப்படியாகும்.