வாசகர் கேள்வி – பதில்: வாசலில் நிற்கும் விமானம் அசலா, நகலா?

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒன்றுக்கொன்று சொல்லி வைத்தாற்போல, காட்சிக்கு நிறுத்தப்பட்டுள்ள பழைய போர்விமானங்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன், அங்குள்ள விமானப்படை முகாம் ஒன்றின் வாசலில் நிற்கும் ஸ்பிட்பயர் விமானத்தின் அருகே நின்று எடுத்த படத்தை அனுப்பி, "இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானம்" என்று எழுதியிருந்தார். உயர்தரம் படிக்கும் என் மகனோ, அது வெறும் பிளாஸ்டிக் என்கிறான். மாமனுக்கும் மருமகனுக்கும் இடையில் வழக்கு இன்னும் முடியவில்லை. யார் சொல்வது சரி? (கல்லடி வாசகி)

பதில்: வழக்கு மருமகன் பக்கமே சாய்கிறது. போருக்குப் பின் பிரித்தானிய விமானப்படை தன் முகாம் வாசல்களில் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களைக் காவல் தெய்வங்களைப் போல நிறுத்தி வைத்தது உண்மை. அவை அசலானவை என்பதும் உண்மை. ஆனால் பல ஆண்டுகளாக மழையிலும் பனியிலும் நின்ற அவற்றின் உடல்கள் உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியிருந்தன. அதே காலத்தில், மீண்டும் பறக்க வைக்கக்கூடிய ஸ்பிட்பயர் ஒன்றுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்க முன்வந்த விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. 1980களின் இறுதியில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு, வாசலில் நின்ற அசல் ஸ்பிட்பயர்கள் சிலவற்றைச் சீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்து, மாற்றாகப் போர்க்கால நிறமும் இலக்கமும் தீட்டிய பைபர் (கண்ணாடி நாரால் வார்த்த) நகல் விமானங்களைப் பெற்றுக்கொண்டது. கைமாறிப் போனவற்றுட் சில பின்னர் வானத்தில் பறந்தன. வாசலுக்கு வந்த பைபர் விமானங்கள் பறவாமல் மழையில் நனைகின்றன. உங்கள் அண்ணனின் படத்தில் இருப்பது இந்த இரண்டாம் வகையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அண்ணனைக் குறை கூறுவதற்கும் இல்லை. பத்து அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியக்கூடாது என்பதற்காகவே அது அவ்வாறு செய்யப்பட்டது.

படத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கி, இறக்கையின் மேற்பரப்பில் வெயில் சாய்வாக விழும் இடத்தைப் பாருங்கள். அசல் விமானத்தின் தோல் மெல்லிய அலுமினியத் தகடு. ஆயிரக்கணக்கான ரிவெட் ஆணிகளால் உள்ளிருக்கும் விலா எலும்புகளோடு தறையப்பட்டது. தறைந்த இடத்தில் தகடு சற்றே இழுபட்டு, இரண்டு வரிசைகளுக்கு இடையில் மெல்லிய அலையாக எழும்பியிருக்கும். பழைய அலுமினியக் குண்டானின் வயிறு ஒளியில் நெளிவது போல அது நெளியும். பைபர் விமானத்தில் இந்த நெளிவு இராது. வாழைச்சேனைத் துறையில் நிற்கும் பைபர் படகை எண்ணிப் பாருங்கள்: அச்சுக்குள் கண்ணாடி நாரை விரித்துப் பிசினைப் பூசி இறுகவிட்டு எடுத்த உடம்பு, முனையிலிருந்து முனை வரை ஒரே வழவழப்பாக இருக்கும். விமானமும் அப்படித்தான் வார்க்கப்படுகிறது. ரிவெட் ஆணிகள் அச்சிலேயே பதிந்த புள்ளிகளாக இருக்கும், அல்லது இராமலே போகும். அடுத்து வால்பகுதியைப் பாருங்கள். சுக்கான் அசையும் உறுப்பாகையால், அசலில் அதற்கும் நிலையான பகுதிக்கும் இடையில் கத்தி நுழையும் அளவு இடைவெளியும் கீலும் தெரியும். நகலில் பெரும்பாலும் ஒரு கோடு மட்டுமே கீறப்பட்டிருக்கும். விமானி அமரும் இடத்தின் கண்ணாடிக் கூண்டு கறுப்பு நிறம் பூசி அடைக்கப்பட்டிருந்தால், உள்ளே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஹரிக்கேன் விமானத்தின் பின்பாதி உலோகத் தகடால் ஆனதன்று. உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மீது மரச் சலாகைகளை அடுக்கித் துணி போர்த்தியது. அங்கே ரிவெட் ஆணிகளைக் காணவில்லை என்பதற்காக நகல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கேள்வி: சீரமைத்த விமானங்களில் பெரும்பகுதி புதிதாகச் செய்த உறுப்புகளே என்று அறிகிறேன். அவ்வாறாயின் அவற்றையும் நகல் என்றுதானே சொல்ல வேண்டும்? (கல்முனை வாசகர்)

பதில்: கொக்கட்டிச்சோலைத் தேரின் சில்லு பழுதுபட்டால் மாற்றுகிறோம், அச்சு உளுத்தால் அதையும் மாற்றுகிறோம், அடுத்த திருவிழாவில் வடம் பிடிக்கும் எவரும் இது வேறு தேர் என்று சொல்வதில்லை. ஏனெனில் ஒவ்வொரு முறையும் பெரும்பகுதி பழையதாக இருக்கவே சிறுபகுதி புதிதாகிறது, இடையில் தேரோட்டம் அறுபடுவதும் இல்லை. நல்ல முறையில் பேணப்பட்ட விமானமும் அத்தகையதே. போர்க்காலத்தில்கூட ஒரு ஸ்பிட்பயரின் இயந்திரமும் இறக்கையும் பலமுறை மாற்றப்பட்டிருக்கும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு விமானத்திலும் அதன் தொடரிலக்கம் பொறித்த சிறு தகடு ஒன்று ஆணியடித்து வைக்கப்பட்டிருக்கும். சதுப்பு நிலத்திலோ கடற்கரையிலோ தோண்டியெடுத்த நசுங்கிய சிதைவில் அந்தத் தகடும் இரண்டொரு உறுப்புகளும் மட்டும் எஞ்சியிருக்க, மற்ற அனைத்தையும் புதிதாகச் செய்து கோத்து, பழைய விமானத்தின் பெயரையும் வரலாற்றையும் அதற்குச் சூட்டுவது சீரமைப்புத் தொழிலில் நடப்பதுதான். சட்டப்படி அது பழைய விமானம். என் கண்ணுக்கோ, அது தாத்தாவின் அடையாள அட்டையைப் பையில் வைத்திருக்கும் பேரன். பேரன் கெட்டிக்காரனாக இருக்கலாம், ஆனால் தாத்தா அல்லன்.

இதைவிட நேர்மையானவர்கள், புதிதாகச் செய்ததைப் புதியதென்றே சொல்பவர்கள். ஜெர்மனியின் மெசர்ஸ்மித் 262 ஜெட் விமானத்தை அமெரிக்காவில் ஒரு குழுவினர் ஐந்து எண்ணிக்கையில் மீளச் செய்தனர். முதலாவது 2002 டிசம்பரில் பறந்தது. உள்ளே வைத்தது ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் பிற்கால இயந்திரம். பழைய ஜெர்மன் இயந்திரமோ சில பத்து மணி நேரத்துக்கு மேல் உழைக்காதது. அதை வைத்துப் பறப்பது உயிரோடு விளையாடுவது. தொழிற்சாலைத் தொடரிலக்கத்தை மட்டும் போர்க்காலத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இதை நகல் என்று தாழ்த்திப் பேசவும் மனம் வரவில்லை, அசல் என்று உயர்த்தவும் முடியவில்லை. "மறுவாக்கம்" என்ற சொல் பொருந்தும்.

மறுமுனையில் நிற்பது இலண்டனிலுள்ள பிரித்தானிய விமானப்படை அருங்காட்சியகத்தின் ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானம். 1942 ஏப்ரலில், ஜெர்மானியரின் திர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்ற இடத்தில் சுடுபட்டு, நோர்வேயில் உறைந்திருந்த ஏரி ஒன்றின் மேல் இறங்கி, பனிக்கட்டி உடைந்ததும் அடியில் மூழ்கிப் போனது. 1973இல் மேலே எடுத்தவர்கள் அதைப் புதுப்பிக்காமல், மீட்டெடுத்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். எலும்புக்கூடு போல இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது அன்று இருந்ததுதான். உங்கள் கேள்விக்கு என் விடை இவ்வளவே: எத்தனை வீதம் பழையது என்பதை மறைக்காத வரையில் எந்த வகையையும் நான் குறை சொல்லேன்.

கேள்வி: எங்கள் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலுக்குள் பழைய விமானங்கள் கிடக்கின்றன என்று சிறுவயதில் கேள்விப்பட்டோம். அது மெய்யா? அதைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களை இன்று எங்காவது காண முடியுமா? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: முதற் கேள்விக்கு ஏமாற்றமான விடை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் தாக்கப்பட்டபோது, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதன் சோட்பிஷ் விமானங்கள் கரையில் விடப்பட்டிருந்தன. கப்பல் தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். தப்பியவர்களில் மிகப் பலரை வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் ஏற்றிச் சென்றது. 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் அந்தக் கப்பலே, இம்மாவட்டத்தில் அக்காலத்தின் கலப்பற்ற அசல்.

தாக்கியவை, நேசநாட்டுப் படையினர் "வால்" (Val) என்று பெயரிட்ட ஐச்சி நிறுவனத்தின் செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள். சுமார் 85 வந்தன. சக்கரங்களை உள்ளிழுக்காமல், காலுறை மாட்டியது போல நீட்டியபடியே பறப்பவை. அவற்றுள் முழுமையான அசல் ஒன்றுகூடக் காட்சிக்கு எஞ்சவில்லை. மீட்கப்பட்ட சிதைவுகளே உள்ளன. அமெரிக்க விமானக் கண்காட்சிகளில் "வால்" என்ற பெயரில் பறப்பவை, 1970இல் வெளியான போர்ப்படம் ஒன்றுக்காக உருமாற்றிய வல்ட்டி நிறுவனத்து அமெரிக்கப் பயிற்சி விமானங்கள். ஜப்பானியரின் சீரோ விமானத்துக்கு அதிர்ஷ்டம் சற்று அதிகம்: கலிபோர்னியாவின் சீனோ நகரிலுள்ள அருங்காட்சியகத்தில், 1944இல் சைப்பான் தீவில் கைப்பற்றப்பட்ட சீரோ ஒன்று தன் அசல் சக்காயே இயந்திரத்தோடு இருக்கிறது. 1990களில் ரஷ்யாவில் புதிதாகக் கட்டப்பட்ட சீரோக்களில் அமெரிக்க இயந்திரம் உறுமுகிறது. காது பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டே வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்களாம்.

கேள்வி: இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போனோம். என் அம்மா வாகனத்தை விட்டு இறங்கவில்லை. "பொம்மரைக் காசு கொடுத்துப் பார்க்க வேணுமா?" என்றார். அவை பழுதானவை என்று சொல்லியும் பயனில்லை. (செங்கலடி வாசகர்)

பதில்: அம்மாவை வற்புறுத்தாதீர்கள். பதுங்கு குழிக்குள் பிள்ளையை அணைத்தபடி கிடந்தவருக்கு, அசலென்ன, பைபரென்ன. அந்த உருவமே போதும். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அங்கே காணக்கூடிய பலியோல் விமானம், 1950களில் இலங்கை விமானப்படை பயன்படுத்திய அசல் பயிற்சி விமானம்; ஸ்பிட்பயரை இயக்கிய அதே மேர்லின் குடும்பத்து இயந்திரம் கொண்டது; உலகில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

கேள்வி: ஹேர்மிஸ் நினைவாக மட்டக்களப்புக் கடற்கரைப் பூங்காவில் அக்காலத்துப் போர்விமானம் ஒன்றைத் தேடி வாங்கி நிறுத்தலாம் என எங்கள் நண்பர் வட்டத்தில் பேசுகிறோம். தங்கள் கருத்து என்ன? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: அசலாயின் வேண்டவே வேண்டாம். விமான அலுமினியம் சமையற்கட்டு அலுமினியம் அன்று. வலிமைக்காகச் செம்பு கலந்த அந்த உலோகத்தை உப்பு எளிதில் தின்னும். உருக்கு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடங்களில் உப்புநீர் பட்டால், பற்றரியில் நடப்பதே அங்கும் நடந்து, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். வாவியும் கடலும் இருபுறம் நிற்க, ஐப்பசி தொடங்கித் தை வரை மழை அடிக்கும் நம் கரையில், வெளியே வண்ணம் பளபளத்தாலும் உள்ளே வயிற்றுப்பகுதி உளுத்துக்கொண்டிருக்கும். பழைய விமானங்களின் கருவி முகப்புகளில் இரவில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு இட்டிருப்பார்கள். ஒளிர்வு என்றோ மங்கிவிட்டாலும், ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். பிள்ளைகள் ஏறி விளையாடும் இடத்தில் அது எதற்கு?

நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் பைபர் நகலை நிறுத்துங்கள். பைபர் படகு செய்யும் கைகள் இம்மாவட்டத்திலேயே இருக்கின்றன; சரியான அளவு வரைபடமும் பொறியியலாளர் ஒருவரின் மேற்பார்வையும் கிடைத்தால் அவர்களால் முடியாத வேலையன்று. அடித்தளத்தை மட்டும் காற்றுக்குத் தாங்கும்படி கணக்கிட்டு இடுங்கள், ஏனெனில் இறக்கை என்பது நகலானாலும் காற்றில் எழும்பப் பார்க்கும்; 1978ஆம் ஆண்டுச் சூறாவளியை நம் ஊர் இன்னும் மறக்கவில்லை. அருகிலுள்ள பலகையில், இது எந்த விமானத்தின் நகல், எந்த ஆண்டு, எங்கே செய்யப்பட்டது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். தமிழ் வரியை அச்சுக்குக் கொடுக்குமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.