தள்ளத் தயங்கும் கை

வணக்கம் ஐயா,
ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பாலத்திலிருந்து ரயிலின் முன் தள்ளலாமா என்ற கேள்வியில் எங்கள் வீடே இரண்டுபட்டுவிட்டது. தள்ளத் தயங்குவது மூளையின் உணர்ச்சிப் பகுதி செய்யும் வேலை என்கிறார்கள். அப்படியென்றால் அறம் வெறும் நரம்புத் துடிப்புதானா?
– ஒரு மாணவி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் ஆய்வு சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2001-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோஷுவா கிரீனும் அவருடைய சகாக்களும், மூளையைப் படம்பிடிக்கும் இயந்திரத்துக்குள் ஆட்களைப் படுக்கவைத்து இத்தகைய கேள்விகளைக் கேட்டார்கள். எட்ட நின்று ஒரு விசையைத் திருப்புவது போன்ற கேள்விகளைவிட, கையால் தள்ளுவது போன்ற கேள்விகள் வந்தபோது உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாக இயங்கின. அவ்வளவுதான். தள்ளுவது சரியா பிழையா என்று அந்தப் படத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஏழும் எட்டும் பதினைந்து என்று கூட்டும்போதும் மூளையில் ஏதோ ஓரிடம் வேலை செய்கிறது. விடை சரியா என்று பார்க்க நாங்கள் கணக்கைத்தானே திரும்பப் போட்டுப் பார்க்கிறோம்?

2007-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். முன்மூளையின் அடிப்பகுதியில் சேதம் ஏற்பட்ட ஆறு பேர். புத்திக்குக் குறைவில்லை, ஆனால் பிறருக்காக இரங்குவதும் குற்றவுணர்வும் மங்கிப்போனவர்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் 'தள்ளலாம்' என்றார்கள். உணர்ச்சி குறுக்கிடாததால் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்ததா, எங்களுக்குத் தெரியும் ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரியாமல் போனதா? ஆய்வு இதற்குப் பதில் சொல்லாது. நான் இரண்டாவது பக்கம். இன்னொருவர் உடம்பில் கைவைக்கும்போது வரும் அந்தக் கூச்சத்தை இழந்த ஒருவரிடம் போய் நான் வழி கேட்க மாட்டேன்.

சரி, அதற்காக எல்லா உணர்ச்சியையும் நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். கையில் மருந்துச் சீட்டு. மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. "அம்மாவுக்கு" என்றான். மறுபேச்சில்லாமல் ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். அதே காலையில்தான், மண்சரிவில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை இழந்த குடும்பங்களுக்கு உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. அதை விரலால் தள்ளிவிட்டிருந்தேன். கண்ணெதிரே நிற்பவனுக்கு நெஞ்சு உருகும், மலையில் இருப்பவர்களுக்கு உருகாது. தூரம் ஒரு நியாயமாகாது என்று எனக்கு முன்பே தெரியும். என் மனம் எந்த இடத்தில் வழுக்கும் என்பதைக் காட்டித் தந்தவை இந்த மூளை ஆய்வுகள்தான்.

அன்றிரவு அந்தச் செய்தியைத் தேடி எடுத்தேன். கணக்கிலக்கம் அப்படியே இருந்தது. மறுநாள் வங்கி திறந்ததும் போய்க் காசு போட்டேன்.