பாக்கெட் கத்திக்கு மாமூத் தந்தத்தில் பிடி போட்டால் தாங்குமா?

"பத்தாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் கெடாத தந்தம், கத்திப் பிடியாகப் போட்டால் மட்டும் கெட்டுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கணக்கைத்தான் நானும் போட்டேன். தப்புக் கணக்கு.

பிடியின் இரு பக்கமும் ஒட்டுகிற தந்தத் தகடு ஒரு ஜோடி நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். வாங்காதவர்கள் "எங்கே கிடைக்கும்" என்றுதான் கேட்பார்கள், "தாங்குமா" என்று கேட்பதில்லை. வாங்கியிருந்தால், பொட்டலத்தைப் பிரித்து அறையில் சும்மா வையுங்கள். ட்ரில்லை இன்றைக்கே எடுக்காதீர்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளப் பதில்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் யாராவது வந்து "யானையைக் கொல்கிற கூட்டம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாமூத் என்பது உடம்பெல்லாம் கம்பளி போல ரோமம் வளர்ந்த, அழிந்துபோன யானை இனம். பெரும்பாலானவை சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. சைபீரியாவுக்கு வடக்கே ராங்கல் தீவில் மட்டும் ஒரு சிறு கூட்டம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை, அதாவது எகிப்தில் பெரிய பிரமிடு கட்டி முடித்த பிறகும், உயிரோடு இருந்தது. இன்று விற்பனைக்கு வரும் தந்தத்தில் பெரும்பகுதி ரஷ்யாவின் யகூத்தியாவில், வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் நிலத்திலிருந்து எடுப்பது. அலாஸ்காவிலிருந்தும் கொஞ்சம் வரும். ஆகவே நான் எந்த யானையையும் கொல்லவில்லை. "இருந்தாலும் ஆயிரம் பொன்" பழமொழியையும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். எங்கள் சொந்தத்திலேயே பதினோரு பேர் சொல்லியாகிவிட்டது.

சரி, என் கதை. எனக்குப் பத்து வயதில் முதல் மடக்குக் கத்தியை வாங்கிக் கொடுத்தவர் என் தாய்மாமா. அம்மா அதைப் பிடுங்கிப் பரணில் போட்டபோது, ஏணி வைத்து ஏறி எடுத்து மறுபடி என் கையில் கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு எழுபது வயது நிறையும்போது என் கையால் ஒரு கத்தி செய்து தர வேண்டும் என்று ஆசை. அதற்குள் ஆறேழு கத்திகள் செய்திருந்தேன், எல்லாம் மரப்பிடி. ஆறேழு செய்தவனுக்கு வரும் திமிர் அறுநூறு செய்தவனுக்கு வராது.

நான் வாங்கியது தந்தத்தின் வெளிப்பட்டைத் தகடு. மரப்பட்டை மாதிரி பழுப்பு, நடுவில் நீலமும் பச்சையுமாக ஓடும் கோடுகள். பார்த்தவர்கள் எல்லோரும் சாயம் என்றார்கள். சாயம் இல்லை. மண்ணில் இருக்கும் இரும்பு தந்தத்தின் பாஸ்பேட்டோடு சேர்ந்து உண்டாகும் விவியனைட் என்ற தாது அது. நெடுங்காலம் நிலத்தடியில் கிடந்தால்தான் இப்படி ஊறும். அந்த நீலத்தைப் பார்த்துத்தான் மயங்கினேன், ஒப்புக்கொள்கிறேன்.

பொட்டலம் வந்தது திங்கட்கிழமை. மாமாவின் பிறந்தநாள் சனிக்கிழமை. திங்கள் ராத்திரியே உப்புத்தாள் போட ஆரம்பித்துவிட்டேன்.

தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாடை வந்தது. பல் டாக்டர் மெஷினை வைத்ததும் வருமே, அதே வாடை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மாமூத் தந்தம் கல் அல்ல, பல். விற்பவர்கள் ஃபாசில் என்று எழுதிவிடுவதால் அது கல்லாக மாறிவிட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம். உறைநிலத்தில் கிடந்த தந்தம் பெரும்பாலும் கல்லாவதில்லை. உள்ளே இருப்பது நம் பல்லில் இருக்கிற அதே கொலாஜன் என்ற புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும்தான். ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருக்கம் நீளவாக்கில் குறைவு, குறுக்கே அதிகம். போதாக்குறைக்குத் தந்தம் வளர்வதே கூம்புக்குள் கூம்பு செருகியதுபோல அடுக்கடுக்காகத்தான், அதனால் அவசரமாகக் காய்ந்தால் அந்த அடுக்கோடு பிளந்து வரும். அத்தனை காலம் கெடாமல் இருந்ததற்கு அந்த நிலத்தின் குளிர்தான் காரணம். ஃப்ரீசரில் ஆறு மாதம் கெடாமல் இருந்தது என்பதற்காக மீனை யாராவது அலமாரியில் அடுக்குவார்களா?

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு மரத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்தேன். பித்தளை ஆணி, அதே அளவுக்கு இறுக்கமான துளை. ஆணியின் தலையைச் சுத்தியலால் தட்டித் தட்டி அகலமாக்கி இறுக்கினேன். மரம் அந்த அடியை மன்னிக்கும். கடைசி ஆணியைத் தட்டும்போது துளையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. இயற்கையான கோடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெருகு போட்டு முடித்தேன். சனிக்கிழமை மாமா அதைக் கையில் வாங்கி, திறந்து, மூடி, மறுபடி திறந்து, ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

மூன்று மாதம் கழித்துப் போன் வந்தது.

"மாப்ளே, உன் யானை வெடிச்சிருச்சு."

"கீழ போட்டீங்களா மாமா?"

"தொடக்கூட இல்லையேப்பா!"

தொடவில்லை என்பது உண்மைதான். போய்ப் பார்த்தால், கத்தியைக் கண்ணாடி ஷோகேஸில் வெல்வெட் துணி போட்டு வைத்திருக்கிறார். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று, கத்திக்கு ஒரு சாண் மேலே ஒரு குண்டு பல்ப். பகலிலும் எரிகிறது. ஷோகேஸுக்குள் கையை விட்டால் உள்ளங்கை காய்ந்துபோகிறது. துளையில் தொடங்கிய விரிசல் பிடியின் ஓரம்வரை ஓடியிருந்தது.

இரண்டு வருடம் அந்தப் பல்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆரம்பித்து வைத்தது என் சுத்தியல்தான் என்பதை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். ஆனாலும் பல்புக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே, உங்களிடம் இருப்பது ரெசின் (இறுகிப் பிளாஸ்டிக் போலாகும் பிசின்) ஏற்றாத வெறும் தகடு என்றால், முதலில் அதைச் சில வாரம் உங்கள் அறையின் காற்றுக்குப் பழக விடுங்கள். கோணலானால், விரிந்தால், இப்போதே ஆகட்டும். துளையை ஆணியைவிட ஒரு மயிரிழை பெரிதாகப் போடுங்கள். பின்னால் மரக்கட்டை வைத்து, கூரான பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். சுத்தியலைத் தொடவே வேண்டாம், மெதுவாக இறுகும் எபாக்சி பசையே ஆணியையும் தகட்டையும் பிடித்துக்கொள்ளும். தகட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் மெல்லிய ஃபைபர் தாள் ஒன்று கொடுத்தால், தந்தம் அசையும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தேய்க்கும்போது வெறும் விரலால் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் நிறுத்திவிடுங்கள், சூடுதான் முதல் எதிரி. முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முடித்த பிறகு எப்போதாவது ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவித் துடைத்தால் போதும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஷோகேஸ் பல்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ரெசின் ஏற்றிய தகடே வாங்கியிருக்கலாமே" என்று கத்தி செய்கிறவர்கள் கேட்பார்கள். வாங்கியிருக்கலாம்தான். வெற்றிடத்தில் வைத்து உள்ளே ரெசினை இழுக்க வைத்த தகடு இவ்வளவு அசையாது. மாமூத்தின் கடைவாய்ப்பல்லில் செய்யும் பிடிகளுக்கு அது கட்டாயமும்கூட. கண்ணாடி போல எனாமலும் அதற்கு நடுவே மிருதுவான பகுதியும் மாறி மாறி வருவதால், வெறுமனே அறுத்தால் உதிர்ந்துவிடும். ஆனால் ரெசின் ஏறிய தந்தம் கைக்கு பிளாஸ்டிக் மாதிரிப் படுகிறது. என் கைக்கு அப்படித்தான் தோன்றுகிறது, சண்டைக்கு வர வேண்டாம்.

கத்தி என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வேலை செய்யும் இடத்தில் "ஒரு நிமிஷம் கத்தி குடுங்க" என்று வாங்கிப் போய் அதால் ஸ்க்ரூ முடுக்குகிறார்களே, அவர்கள் எந்த ஜாதி மனிதர்கள்? ஒருவர் முனையை உடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏற்கெனவே லூஸா இருந்துச்சு" என்றார். முனை எப்படி ஐயா லூஸாக இருக்கும்? பேனாவை இரவல் வாங்கினால் மூடியை வைத்துக்கொண்டு கொடுக்கும் நாகரிகம் இருக்கிறது, கத்திக்கு இல்லை. அன்றிலிருந்து பையில் ஒரு மட்டமான கத்தி தனியாக வைத்திருக்கிறேன், இரவலுக்கென்றே.

இனி மனசாட்சி விஷயம். வாங்கும்போது எனக்கு இது தெரியாது. யகூத்தியாவில் தந்தம் தேடுகிறவர்களில் பலர் மோட்டார் பம்ப் வைத்து ஆற்று நீரை உறைந்த கரைமேல் பீய்ச்சி அடித்துக் கரையையே கரைக்கிறார்கள். கரை சரிகிறது, ஆறு சேறாகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு வேண்டிய எலும்புகள், அவை எந்த மண்ணடுக்கில் எதோடு கிடந்தன என்ற தடயம், எல்லாம் போய்விடுகிறது. இன்னொரு சிக்கல், யானைத் தந்தத்தையே மாமூத் என்று சொல்லி விற்பது. 1989-இல் யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்த பிறகு மாமூத் தந்தத்துக்குக் கிராக்கி கூடியது. அழிந்த இனம் என்பதால், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் அது இல்லை. 2019-இல் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் இஸ்ரேல் அதைப் பட்டியலில் சேர்க்க முன்மொழிந்து, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, ஹவாய் மாநிலங்களில் மாமூத் தந்தம் விற்பதும் சட்டப்படி தடை. அதனால் கத்தியை விற்பதாக இருந்தாலும், எல்லை தாண்டி எடுத்துப் போவதாக இருந்தாலும், அந்த இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மாமூத் தந்தத்தையும் யானைத் தந்தத்தையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தந்தத்தைக் குறுக்கே வெட்டினால், வெளி விளிம்பை ஒட்டி ஷ்ரெகர் கோடுகள் என்று ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கோடுகள் தெரியும். அவற்றின் கோணம் 90 பாகைக்குக் கீழே என்றால் மாமூத், 115-க்கு மேலே என்றால் யானை. நடுவில் இருந்தால் எதுவாகவும் இருக்கலாம். கத்திப் பிடிக்கு அறுத்த தகட்டின் முகத்தில் இது தெரியாது, ஏனென்றால் அது நீளவாக்கில் அறுத்தது. என் தகட்டில் அந்த நீலம் இருந்ததால் தப்பித்தேன். வெள்ளை வெளேரென்ற தகடு, மாமூத் என்று வாய்ப்பேச்சு, காகிதம் எதுவும் இல்லை என்றால் வாங்காதீர்கள். நான் அதற்குப் பிறகு ஒன்றும் வாங்கவில்லை. மிச்சமிருந்த ஒரு துண்டு இழுப்பறையில் கிடக்கிறது, அறுக்க மனசு வரவில்லை. இப்போதெல்லாம் மரமும் மாட்டெலும்பும்தான்.

"பண்டைய பொக்கிஷத்தில் போய் உப்புத்தாள் போட்டாயே" என்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். இந்தத் தந்தத்தில் மனிதன் கைவைப்பது நேற்று ஆரம்பித்ததல்ல. ஜெர்மனியில் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடல் குகையில் 1939-இல் கிடைத்த சிங்க மனிதன் சிலை சுமார் 40,000 ஆண்டுப் பழமை, ஒரு முழத்துக்கும் குறைவான உயரம், மாமூத் தந்தத்தில் கல்லாயுதத்தால் செதுக்கியது. கிடைத்தபோது முழுசாக இல்லை, நூற்றுக்கணக்கான சில்லுகள். ஒட்டித்தான் உருவம் வந்தது.

இதை மாமாவிடம் ஆறுதலாகச் சொன்னேன். தகட்டைக் கழற்றி வேறு போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். கழற்றவிடவில்லை. விரிசலுக்குள் தண்ணியான சூப்பர் குளூவை ஓடவிட்டு, மேலே லேசாகத் தேய்த்துக் கொடுத்தேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

போன மாதம் போயிருந்தபோது யாரோ விருந்தாளிக்கு அந்தக் கத்தியைக் காட்டிக்கொண்டிருந்தார். "இந்தக் கோடு பாருங்க, பனியுகத்துல விழுந்தது. ஜெர்மனில ஒரு சிங்க மனுஷன் இருக்கான், அவனுக்கும் இப்படித்தான்." நான் வாயைத் திறக்கவில்லை. பல்ப் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.