அப்பா பாடட்டும்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அம்மாவும் அவரும் இங்கே ஆஸ்டினில் எங்களோடுதான் இருக்கிறார்கள். என் மகன் அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டியதிலிருந்து, அப்பா தினமும் காலையில் "இன்னைக்கும் சாகலடா" என்று அதே மெட்டில் பாடிக்கொண்டே எழுந்து வருகிறார். அம்மா "அச்சானியமாப் பேசாதீங்க" என்று அழுகிறார். இது விளையாட்டா, இல்லை மனதில் எதையாவது வைத்துக்கொண்டு பாடுகிறாரா? தடுக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தடுக்காதீர்கள். முதலில் அந்தப் பாட்டு வந்த கதையை அம்மாவுக்குச் சொல்லுங்கள். வில்லி உங்கள் டெக்சஸ்காரர்தான், அபட் என்ற சின்ன ஊரில் 1933-இல் பிறந்தவர். அவர் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி ஒரு தடவை அல்ல, பல தடவை கிளம்பியது. மறுப்பு அறிக்கை விடுவதோடு நிற்காமல், தயாரிப்பாளர் பட்டி கேனனோடு சேர்ந்து அதையே பாட்டாக எழுதி, 84 வயதாகும் நேரத்தில், 2017-இல் வெளியிட்டார். நான் போய்விட்டதாகச் சொல்கிறார்கள், எழுந்து பார்த்தால் உயிரோடுதான் இருக்கிறேன், கச்சேரி வேறு இருக்கிறது, என்னைப் புதைத்துவிடாதீர்கள் என்கிறார். சாக ஆசைப்படுகிறவர் பேச்சா இது? வேலைக்குக் கிளம்புகிறவர் பேச்சு.

ஆனால் அதில் விளையாட்டு மட்டும்தான் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் வந்த 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' பாட்டைக் கேளுங்கள். கடைசியில் நிற்கிற ஒருவனாக இருக்க எனக்கு ஆசையில்லை என்று ஆரம்பித்து, கொஞ்சம் பொறு, ஒருவேளை ஆசைதானோ என்று திரும்புவார். ஆட வைக்கிற தாளம், ஆனால் உள்ளே வேலன் ஜென்னிங்ஸ், மெர்ல் ஹாகர்ட் என்று போன நண்பர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வேலன் 2002-இல் போனார், மெர்ல் 2016-இல், தன் 79-வது பிறந்தநாளன்றே. வேலன், ஜானி கேஷ், கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன், வில்லி என்று நாலு பேர் சேர்ந்து பாடிய குழுவில், 2024-இல் கிறிஸும் போனபோது மிச்சம் வில்லி மட்டும்தான். காலம் காலமாக மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்த அக்கா பாபி 2022 மார்ச்சில் இறந்தார். அடுத்த மாதமே, தன் 89-வது பிறந்தநாளில் வந்த ஆல்பத்தில், நான் சாவு வீட்டுக்கெல்லாம் போவதில்லை, என் சாவுக்கும் வர மாட்டேன் என்று பாடுகிறார். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அப்புறம் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அப்பாவின் பாட்டுக்குள்ளும் அப்படிச் சில பெயர்கள் இருக்கும். ஊரில் கூடப் படித்தவர், கூட வேலை பார்த்தவர் என்று ஒவ்வொருவராகப் போன செய்தி அவருக்குப் போனில்தான் வந்திருக்கும், இத்தனை தூரத்திலிருந்து ஒரு மாலை போடக்கூடப் போயிருக்க முடியாது. அதை யாரிடம் சொல்வார்? நீங்கள் கேளுங்கள். "இந்த வருஷம் யாருப்பா போனாங்க?" என்று நேராகவே கேட்கலாம், வயதானவர்களிடம் இதைப் பேசக் கூடாது என்று நாம்தான் பயப்படுகிறோம்.

அம்மாவோடு வாதாட வேண்டாம். அவர் காதில் அந்த வரி, தான் தனியாகிவிடப் போகிற நாளைப் பற்றியதாக விழுகிறது, அழாமல் என்ன செய்வார். காலையில் விளக்கேற்றும் நேரத்தில் மட்டும் வேண்டாம், காபிக்கு அப்புறம் பாடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாட்டு நின்றுபோய், "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வந்தால், சாப்பாடும் தூக்கமும் குறைந்தால், அறையை விட்டு வெளியே வராமல் இருந்தால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அதுவரை, பேரனை விட்டு அந்த இரண்டாவது பாட்டையும் போடச் சொல்லுங்கள், அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வேலன், மெர்ல் வருகிற இடத்தில் அப்பா யார் யார் பெயரைப் போட்டுப் பாடுகிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.