அம்மா காரிலேயே இருக்கட்டுமா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 36 வயது. சொந்த ஊர் காரைக்கால். கல்யாணமானதிலிருந்து பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன். கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் அம்மா ஊரிலிருந்து வந்துவிடுவார். அவருக்கு 67 வயது. அப்பா போன பிறகு பத்து மா நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்த்தவர், பொறுமைசாலி. இந்த முறை அவர் ஊருக்குக் கிளம்புமுன், அவருக்காகவே ஆகஸ்ட் கடைசியில் நான்கு நாள் தெற்கு பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதிக்குப் போகிறோம். குன்றின் மேல் இருக்கும் பழைய கிராமங்கள் ஒன்பது, ஒயின் நிலவறைகள் ஐந்து, முடிந்தால் கார்க்கசோன் கோட்டை என்று பட்டியல் போட்டிருக்கிறேன். கணவரோ கிராமங்களைக் குறைத்துவிட்டு ஒயினுக்குப் பேர்போன ஷாத்தோநெஃப் து பாப் ஊர்ப் பக்கம் இரண்டு நாள் வேண்டும் என்கிறார். தினமும் இதே வாக்குவாதம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏற முடியாது. காரிலேயே இருந்துகொள்வார், பழக்கம்தான். சின்னவன் தூங்கிவிட்டால் அவனையும் அவரிடமே விட்டுவிடலாம். எதைக் குறைக்கலாம்? நீங்கள் சொன்னால் இருவரும் கேட்போம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பிரான்ஸ்

பதில்: அன்பு மகளுக்கு,

உங்கள் இருவர் வழக்கு அப்புறம். ‘அம்மாவுக்காகவே’ போகிறோம் என்று எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டாய். மடியில் உன் பிள்ளையையும் கொடுத்துவிட்டாய். எழுதும்போது உனக்கே உறுத்தவில்லையா?

பழக்கம்தான் என்கிறாய். 67 வயதில் ஒருத்திக்குக் காரில் காத்துக் கிடப்பது எப்படிப் பழக்கமாகும்? நீங்கள்தான் பழக்கியிருக்கிறீர்கள். கடை வாசலில், பூங்கா வாசலில், ‘சின்னவன் தூங்குறான், நீ இரும்மா, பத்து நிமிஷத்துல வந்துடறோம்’ என்று சொல்லிச் சொல்லி. அவர் மறுத்திருக்க மாட்டார். மகள் வீட்டில் வந்து இருக்கும் தாய் எதையும் மறுக்க மாட்டாள், அதுவும் மாப்பிள்ளை எதிரில். அந்த மௌனத்தைப் பொறுமை என்று நீ எடுத்துக்கொண்டாய். உன் வயதுப் பெண்கள் எழுதும் கடிதங்களில் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது.

கோடைதோறும் நீயும் உன் கணவரும் நிம்மதியாக வேலைக்குப் போய் வந்தது யாரால்? பேரப்பிள்ளைகளுக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டித் தூங்க வைத்தவர், நான்கு நாளாவது அந்த வேலையிலிருந்து விடுபட வேண்டாமா? பெற்றவளுக்குச் செய்வது உபகாரமல்ல, கடன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தெற்கு பிரான்சின் ஆகஸ்ட் வெயிலில், நிறுத்திய காருக்குள் மூன்று வயதுக் குழந்தையையும் வயதானவரையும் விட்டுப் போவது உயிருக்கே ஆபத்து. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

இனி கிராமங்கள். அவை ஏன் குன்றின் மேல் இருக்கின்றன என்று யோசித்தாயா? போருக்கும் கொள்ளைக்கும் பயந்து, மதில் கட்டி மேலே ஒண்டியவர்களின் ஊர்கள் அவை. பயம் தீர்ந்த பிறகு பல ஊர்களில் சனங்களே இறங்கி வந்துவிட்டார்கள், ஏனென்றால் வயலும் சாலையும் கீழே இருந்தன. லூபெரோன் மலைப்பக்கம் ஒப்பேத் என்ற பழைய ஊர் அப்படித்தான் ஆளில்லாமல் இடிபாடாகிப் போனது. வேஸோன் லா ரொமேனிலும் அதே கதை. மேலே கோட்டையை ஒட்டிய பழைய ஊர், கீழே சமதரையில் இன்றைய ஊர், இடையில் ஊவேஸ் ஆறு. அதன் மேல் நிற்கும் ரோமானியர் பாலம் 1992 செப்டம்பர் வெள்ளத்தையும் தாங்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் கீழ் ஊரில் கூடும் சந்தை 500 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஆலிவ், பாலாடைக்கட்டி, பூண்டு, தக்காளி, துணிமணி எல்லாம் வரும். அம்மா ஏற வேண்டாம், நடந்தால் போதும். சந்தை மதியத்தோடு கலைந்துவிடும், சீக்கிரம் போங்கள்.

கோர்த் கிராமத்தின் புகழ்பெற்ற தோற்றமே எதிர்ப்பக்கச் சாலையோரத்திலிருந்து தெரிவதுதான். மொத்த ஊரும் பாறைமேல் அடுக்கடுக்காக நிற்பதை அம்மா அங்கிருந்தே பார்க்கலாம். உள்ளே போனால் பெரும்பாலும் கடைகள்தான். ரூஸியோனில் சிவப்பும் மஞ்சளுமான காவி மண்ணையே வீட்டுச் சுவர்களுக்குப் பூசியிருப்பார்கள். அங்கே ஊர் நடுவில் நிழலாகப் பார்த்து உட்காருங்கள். ஒப்பேத்துக்கு ஏற ஆசையென்றால் நீ ஏறிவிட்டு வா, உன் கணவர் அம்மாவோடும் பிள்ளைகளோடும் கீழே இருக்கட்டும். அடுத்த ஊரில் அவர் ஏறட்டும், நீ இரு. ஒரு நாளைக்கு ஒரு கிராமம் போதும். கார்க்கசோனைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு, இந்தப் பக்கத்துப் பெரிய நகரமான அவிஞ்ஞோனிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல்.

ஷாத்தோநெஃப் து பாப்புக்கு ஒரு முழு நாள் கொடு. கணவர் கேட்டதற்காக இல்லை, அம்மாவுக்காக. 1309 முதல் 1377 வரை அவிஞ்ஞோனில் இருந்த போப்பாண்டவர்கள் காலத்துக் கோட்டை அங்கே உண்டு. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்ததில் மிஞ்சியது ஒரு பகுதிதான். ஆனால் நான் சொல்ல வந்தது கோட்டையைப் பற்றியல்ல, கல்லைப் பற்றி. அங்கே பல தோட்டங்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. ஆறு உருட்டி வந்த பழுப்புக் கூழாங்கற்கள், சில ஒரு கையால் தூக்க முடியாத பருமன். பகல் வெயிலை வாங்கி வைத்து, இருட்டிய பிறகும் வெதுவெதுவென்று இருக்கும். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கட்டைகுட்டையாக, இடுப்புயரம்கூட இல்லாத திராட்சைச் செடி அந்தக் கல்லுக்கு நடுவே நிற்கும். இஷ்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச அங்கத்து விதிமுறை விடாது. அறுப்பும் கையால்தான், இயந்திரம் கூடாது. நீ போகும் சமயம் அறுப்பு தொடங்கினாலும் தொடங்கலாம். பத்து மா நஞ்சையை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவருக்கு அங்கே கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும். வேர் எவ்வளவு ஆழம் போகும், எரு என்ன, கூலி என்ன என்று கேட்பார். பக்கத்தில் நின்று நீ மொழிபெயர்த்துச் சொல். அவர் ஒயின் குடிக்காவிட்டாலும் அது ஒரு குறையே இல்லை.

நிலவறை ஐந்து வேண்டாம், ஒன்று போதும். முன்கூட்டியே நேரம் கேட்டு வைத்துக்கொள். கார் ஓட்டுபவர் வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்பட்டும், அதற்கென்றே அங்கே பாத்திரம் வைத்திருப்பார்கள். பிரான்சில் ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், புதிதாக உரிமம் வாங்கியவருக்கு 0.2-க்குக் கீழே. காருக்குள் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும்போது அந்த அளவைக்கூட நெருங்க வேண்டாம்.

உன் கடிதத்தில் நீ சொன்னது இருக்கிறது, கணவர் சொன்னதும் இருக்கிறது. அம்மா என்ன பார்க்க ஆசைப்படுகிறார் என்று ஒரு வரி இல்லை. இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் போனில் இந்த ஊர்களின் படங்களைக் காட்டிக் கேள். ‘உங்க இஷ்டம்’ என்றுதான் முதலில் சொல்வார். விடாதே, திரும்பக் கேள். அதற்குப் பிறகு அறை பதிவு செய். அங்கே பல விடுதிகள் பழைய வீடுகள், குறுகலான படிக்கட்டு, லிப்ட் இருக்காது. அம்மாவுக்குத் தரைத்தள அறை வேண்டும் என்று போன் செய்து கேட்டு உறுதி செய்துகொண்டு பணத்தைக் கட்டு. சின்னவன் உங்கள் அறையில் படுக்கட்டும்.